கொழுப்பு மாத்திரை எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள், டாக்டர்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 68. ஏழு வருடமாகக் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். கணக்காகச் சொன்னால் ஆறு வருடம் சொச்சம்தான்; நடுவில் எட்டு மாதம் சாப்பிடவில்லை. அந்த எட்டு மாதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

மாத்திரை ஆரம்பித்து மூன்று நான்கு மாதம் இருக்கும். படுக்கையில் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. விறைப்பு வருவதே அபூர்வம், வந்தாலும் நிற்காது. ஒரு நாள் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்தேன். எட்டாக மடித்த தாள், எறும்பு ஊர்வது போல எழுத்து. கண்ணாடி போட்டும் போதாமல் லென்ஸ் வைத்துப் படித்தேன். பக்கவிளைவுப் பட்டியலின் அடிப்பக்கத்தில், தூக்கமின்மைக்குப் பக்கத்தில், பாலியல் கோளாறு என்று போட்டிருந்தது. திருடன் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

அன்றைக்கே நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. அட்டையில் மாத்திரை குறைகிறதா என்று என் மனைவி பார்ப்பாள் என்பதால், தினமும் இரவு ஒன்றைப் பிதுக்கி எடுத்துக் குப்பையில் போட்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு எகிறி நின்றது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "டோஸ் பத்தல" என்றார், 10 மில்லிகிராமை 20 ஆக்கினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று முதல் 20 மில்லிகிராம் மாத்திரை குப்பைக்குப் போனது.

சிரிப்பு வருகிறதா? உங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மருந்து கேட்கவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். மருந்து வயிற்றுக்குள் போகவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் வயதில் ஒரு டாக்டர். பக்கத்து நாற்காலியில் என் மனைவி. டாக்டரின் கண் கணினித் திரையில், கை விசைப்பலகையில். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அந்தக் கேள்விக்கு அந்த அறையில் வேறு பதில் கிடையாது. பிறகு ஒரு முறை, தனியாகப் போயிருந்தபோது, துணிந்து வாயைத் திறந்தேன். அன்றைக்கு இருந்தவர் வேறு டாக்டர். சிரித்துக்கொண்டே "வயசாகுதுல்ல சார்" என்றார். அதோடு மூடினேன்.

சரி, மாத்திரைதான் காரணமா? ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய. தேடிப் பிடித்துப் படித்தேன். நான் படித்ததில் பிசகு இருந்தால் திருத்துங்கள்.

சந்தேகம் முளைப்பதற்கு நியாயம் இருக்கிறது. உடம்பு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொலஸ்ட்ராலிலிருந்துதான் தயாரிக்கிறது. நான் சாப்பிடும் கொழுப்பு மாத்திரையின் வகைப் பெயர் ஸ்டாட்டின்; அது கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. சரக்கு குறைந்தால் பண்டம் குறையாதா என்று எந்த ஆணுக்கும் தோன்றும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஸ்டாட்டின் எடுக்கும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் இறங்குவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது மிகச் சிறிய இறக்கம், அதை மட்டும் வைத்து விறைப்பு போய்விடும் என்று சொல்ல முடியாது. தனி நோயாளிகள் தந்த புகார்களும் பதிவாகியிருக்கின்றன. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் ஸ்டாட்டின் எச்சரிக்கைகளில் பாலியல் கோளாறையும் சேர்த்தது. ஆக, தாளில் அந்த வரி இருப்பது பொய்யில்லை. புகார் வந்ததால் அந்த வரி வந்தது. குற்றம் நிரூபணமானதா என்பது வேறு.

அதை உரசிப் பார்க்கும் ஆய்வுகள் எதிர்த்திசையில் போகின்றன. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விறைப்பை அளக்க உங்களிடம் ஐந்து கேள்வி கொண்ட தாள் ஒன்று இருக்கிறதல்லவா, 25க்கு மதிப்பெண் போடுவது? ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு அதில் சராசரியாக 3.4 கூடியிருந்தது. குறையவில்லை, கூடியது! எனக்கு இதில் முழு நம்பிக்கை வரவில்லை; சேர்க்கப்பட்டவை பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். ஹோப்-3 என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியாக 2,153 ஆண்களை ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்தொடர்ந்தார்கள். ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை எடுத்தவர்களுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் விறைப்பில் வித்தியாசமே இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு இது நம்பும்படி இருக்கிறது. கொழுப்பு மாத்திரை ஆண்மையைத் திருப்பித் தரும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க மாட்டேன். அதுதான் பறித்தது என்று நானே எட்டு மாதம் நம்பியதும் அதே அளவு அபத்தம்.

அப்படியானால் எனக்கு எங்கிருந்து வந்தது? கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர் உங்களில் ஒருவர்தான், அவருக்கு என் வணக்கம். வேறு வேலையாகப் போயிருந்தேன். பரிசோதனை முடிந்ததும் என் மனைவியை வெளியே கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். அப்புறம் மலம் எப்படிப் போகிறது என்று கேட்கிற அதே குரலில், "விறைப்பு எப்படி இருக்கு?" என்றார். நான் எச்சில் விழுங்கினேன். "காலையில எழும்போது இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "மாத்திரைக்கு அப்புறம் வந்ததா, முன்னாடியே இருந்ததா?"

இந்த மூன்றாவது கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். பின் என்று பட்டென்று சொன்னேன். அவர் பேசாமல் இருந்தார். யோசிக்க யோசிக்க, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடமே தடுமாற்றம் தொடங்கிவிட்டது ஞாபகம் வந்தது. மாத்திரை வந்தது அதற்கு அடுத்த வருடம். ஓய்வின் சோர்வு என்று நானே அதற்கு ஒரு பெயர் வைத்து மூடியிருந்தேன். மாத்திரை வந்தபின் கவனிக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான். அவர் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார். எல்லையைத் தாண்டியிருந்தது. ட்ரெட்மில்லில் ஏற்றினார், இதயம் பிழைத்தது. பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருந்ததை மாற்றினார். கொழுப்பு மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்றார். குப்பைக் கதையை அப்போதுதான் சொன்னேன். திட்டவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான். இதயத்தின் குழாய் 3, 4 மில்லிமீட்டர். இரண்டின் உட்சுவரும் ஒரே மாதிரிதான் கெடுகிறது, அங்கே சுரந்து குழாயை விரிய வைக்க வேண்டிய நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குறுகிய குழாய் முதலில் அடைபடும். அதனால் விறைப்புக் குறைபாடு பல பேருக்கு மாரடைப்புக்கு இரண்டு முதல் ஐந்து வருடம் முன்பே தலைகாட்டுகிறது. கொழுப்பு மாத்திரை எழுதும் அளவுக்கு ரத்தக்குழாய் சந்தேகத்துக்குரிய ஆள் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவருக்கு இந்தக் குறையும் இருக்க வாய்ப்பு அதிகம். நோயும் மருந்தும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, பழி மருந்தின் மேல் விழுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருந்தது. இரண்டில் ஒருவர்! கேட்காமலே விடுகிற அளவுக்கு அரிதான விஷயமா இது?

பழி ஏன் கொழுப்பு மாத்திரைமேல் மட்டும் விழுகிறது என்பதற்கும் ஒரு காரணம் சொல்வேன். பிரஷர் மாத்திரையை நிறுத்தப் பயம், வாதம் வந்துவிடுமோ என்று. சர்க்கரை மாத்திரைக்கு வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்க ஒரு எண் இருக்கிறது. கொழுப்பு மாத்திரை சாப்பிட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. வீட்டில் செலவைக் குறைக்கும்போது முதலில் வாயில்லாதவனின் பங்குதானே போகும்? பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் சில பழைய பீட்டா தடுப்பான்கள், நீர் மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை என்று விறைப்பைக் கெடுப்பதில் உண்மையிலேயே பெயர் வாங்கிய மருந்துகளை விட்டுவிட்டு இதைத் தூக்கிப் போடுகிறோம்.

கேட்டால் இல்லாத நோயை வரவழைத்துவிடுவோமோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். அதற்கும் ஆதாரம் உண்டு, மறைக்கவில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் இதய நோயுள்ள 96 ஆண்களுக்கு அட்டெனொலால் என்ற பீட்டா தடுப்பானைக் கொடுத்தார்கள். என்ன மருந்து என்றே தெரியாதவர்களில் 3.1 சதவீதம் பேருக்கு விறைப்புக் குறைந்தது. மருந்தின் பெயர் தெரிந்தவர்களில் 15.6. இது விறைப்பைப் பாதிக்கும் என்று சொல்லப்பட்டவர்களில் 31.2. குறைபாடு வந்தவர்களுக்கு அடுத்த கட்டத்தில் விறைப்புக்கான சில்டனாஃபில் (வயாக்ரா) கொடுத்ததும் வெற்று மாத்திரை கொடுத்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. மனசு செய்யும் வேலை. அப்படியென்றால் வாயை மூடிக்கொள்வதுதானே உத்தமம் என்று சொல்லாதீர்கள். நீங்கள் மூடினாலும் அந்த எட்டு மடிப்புத் தாள் மூடாது, கைப்பேசி மூடாது. பயத்தை அவை எங்களுக்கு விதைத்துவிடும். நான் கேட்பது பயமுறுத்தச் சொல்லி இல்லை. மாத்திரை எழுதுவதற்கு முன்னால் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்து, பதிலைக் கோப்பில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் மாத்திரையால் போச்சு என்று வந்தால், அந்த வரியைக் காட்டிப் பேசலாம். என் கோப்பில் அந்த வரி இருந்திருந்தால் எட்டு மாதம் மிச்சம்.

அப்படியும் ஒருவர் மாத்திரைக்குப் பிறகுதான் என்று உறுதியாகச் சொன்னால் நம்புங்கள். அவருடைய இதயம் அனுமதிக்குமானால், உங்கள் கண்ணெதிரே சில வாரம் நிறுத்திப் பார்க்கட்டும், மறுபடி ஆரம்பிக்கட்டும், டோஸைக் குறையுங்கள், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுங்கள். திருட்டுத்தனமாக நிறுத்துவதைவிட எல்லாம் மேல்.

இன்னொன்று, இது அவசரம். நீங்கள் கேட்காத ஆண்களில் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் சில்டனாஃபில் வாங்கிப் போடுகிறார்கள். அதே ஆள் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் நைட்ரேட் வைப்பவராகவும் இருக்கக்கூடும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் எங்கே போய் விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். முன்பைவிடப் பரவாயில்லை. மீதி என் சொந்த விஷயம்.

அடுத்து ஓர் அறுபது வயதுக்காரர் லிப்பிட் ரிப்போர்ட்டோடு வந்து உட்காரும்போது, துணைக்கு வந்தவரை ஒரு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். கண்ணைத் திரையிலிருந்து எடுங்கள். முதல் தடவை "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றுதான் சொல்வார். அடுத்த தடவை வரும்போதும் கேளுங்கள்.

இப்படிக்கு,
இப்போது மாத்திரையை விழுங்கியே விடும் ஒரு நோயாளி