மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, பீரோல இடமில்லாத ஒருத்தி எழுதுறது

வணக்கம் சார், மேடம்,

எங்க வீட்ல பிரிக்காத பார்சல் நாலு இருக்கு, டேக் கூட கிழிக்காத குர்தி ஆறு, எல்லாமே ராத்திரி பதினோரு மணிக்கு மேல படுத்துக்கிட்டே போன்ல ஆன்லைன்ல வாங்குனது. தப்பு என்னோடதுதான், அதை உங்க தலையில கட்ட வரல.

2023 நவம்பர்ல நீங்க ஒரு வழிகாட்டுதல் போட்டு 13 வகை டார்க் பேட்டர்னை, அதாவது ஆப்லயும் வெப்சைட்லயும் நம்மள ஏமாத்தி வாங்க வைக்கிற தந்திரங்களை, தடை பண்ணீங்க. பொய்யா அவசரப்படுத்துறது, கேக்காமலே கார்ட்ல ஒரு பொருளை சேத்து விடுறது, வேணாம்னு சொன்னா குத்திக்காட்டுறது எல்லாம் அதுல இருக்கு, படிச்சப்போ யாரோ என் பக்கத்துலயே உக்காந்து பாத்து எழுதுன மாதிரி இருந்துச்சு.

அப்புறம் நானே ஒரு பழக்கம் வெச்சேன். எது புடிச்சாலும் கார்ட்ல போட்டுட்டு மூணு நாள் தொடக்கூடாது, எதுக்கு வேணும்னு ஒரு நோட்டுல எழுதணும். அப்படி ஒரு டிபன் கேரியரை போட்டு வெச்சேன், 'இன்னும் 2 மட்டுமே'ன்னு செவப்புல மின்னுச்சு. மூணாவது நாளும் 2. பதினோராவது நாளும் அதே 2! நோட்டை எடுத்து எழுத உக்காந்தா 'அம்மா வீட்ல ரெண்டு சும்மா கெடக்கு'ன்னுதான் எழுத வந்துச்சு, வாங்கல.

ரங்கநாதன் தெருவுல இடிபட்டு பில்லுக்கு நின்னு பர்ஸ்ல இருந்து நோட்டை எண்ணிக் குடுக்குறப்போ கை ஒரு நிமிஷம் தயங்கும்ல, அந்த தயக்கம்தான் அப்போ நம்ம காசை காப்பாத்துச்சு, இப்போ கார்டு சேவ் ஆகியிருக்கு, ஓடிபி தானா வந்து உக்காந்துக்குது, காசே இல்லன்னாலும் பே லேட்டர் இருக்கு, தயங்க எங்க நேரம்?

2025 ஜூன்ல, டார்க் பேட்டர்ன் இருக்கான்னு ஆன்லைன் கம்பெனிகளையே மூணு மாசத்துல சுய தணிக்கை பண்ணிக்க சொன்னீங்க. பாலுக்கு பூனையை காவல் வெச்சா எப்படி? அந்த '2' நெஜமா இல்லையான்னு நீங்க போய் பாருங்க. ராத்திரி ஆஃபர் நோட்டிபிகேஷன், பே லேட்டர் ரெண்டும் நாங்களா ஆன் பண்ணாதான் வரணும்னு ஒரு வரி சேருங்க.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணலாம்னுதான் நெனச்சேன். ஆனா என்னன்னு சொல்றது, பில் கேட்டா என்கிட்ட இல்ல, நான்தான் வாங்கவே இல்லையே. பதினோரு நாள் ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்கு, எங்க அனுப்பணும்னு சொல்லுங்க. இதை எழுதுறப்போ இப்போ பாத்தேன், இன்னும் 2தான் இருக்காம்.