முதல் வேலை தேடும் லொறிச் சாரதிகளுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் வேலைவாய்ப்பு விளம்பரங்கள் வரும் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். "கனரக வாகனச் சாரதிகள் தேவை, கவர்ச்சிகரமான சம்பளம், உடன் தொடர்பு கொள்ளவும்" என்று கிழமைக்குக் கிழமை நாலைந்து விளம்பரமாவது வருகிறது. என் தங்கையின் மகன் போன கிழமை அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கனரக லைசென்ஸ் கையில் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்று விளம்பரங்களைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டிருந்தான். "மாமா, இந்த இடத்தில நடைக்கு நல்ல காசு தருவினமாம். இதுக்கே போகட்டோ?" என்று கேட்டான். நடை என்றால் சாமான் ஏற்றிப் போய் வரும் ஒரு ஓட்டம்.

அவனுக்கு நான் சொன்னதை அவனைப் போன்ற மற்றப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதல் இடத்தைக் காசைப் பார்த்துத் தெரிவு செய்யாதே, உனக்குப் பக்கத்தில் யாரை ஏற்றி விடுகிறார்கள் என்று பார் என்று சொன்னேன்.

லேர்னர்ஸில், அதாவது சாரதிப் பயிற்சிப் பள்ளியில், பழக்குவது வெறும் லொறியில். வெறும் லொறி பிரேக் போட்ட இடத்தில் நிற்கும். பத்துத் தொன் சீமெந்து ஏற்றிய லொறி அப்படி நிற்காது. பின்னால் இருக்கும் பாரம் உங்களைத் தள்ளிக்கொண்டே வரும். இதை லைசென்ஸ் சொல்லித் தராது, பக்கத்தில் இருக்கிற மூத்த சாரதிதான் சொல்லித் தரவேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் பிறந்து வளர்ந்தது தட்டை நிலத்தில். பண்ணையிலிருந்து பருத்தித்துறை வரை போனாலும் இறக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அப்படி வளர்ந்த பிள்ளையை இரண்டாம் கிழமையே மரக்கறி ஏற்ற நுவரெலியாவுக்குத் தனியாக அனுப்பும் முதலாளிமார் இருக்கிறார்கள். றம்பொடை இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் சூடாகி, தேவையான நேரத்தில் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது எங்கள் தொழிலின் பால பாடம். அதைக்கூடக் கேள்விப்படாமல் மலைக்குப் போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சு பதறும்.

என் கதையைச் சொல்கிறேன். 2002இல் போர்நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபோது லைசென்ஸ் வைத்திருந்த எல்லோருக்கும் வேலை கிடைத்தது. தெற்கிலிருந்து சாமான் கொண்டுவர எல்லோரும் ஓடிய காலம் அது. நானும் கூடுதல் நடைக்காசு தருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் சேர்ந்தேன். லொறியைச் சுற்றி வந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது நடையில், சீனி ஏற்றிக்கொண்டு வரும்போது, மதவாச்சிக்கு இந்தப் பக்கம் பின் ரயர் வெடித்து லொறி வாய்க்கால் கரையில் சரிந்து நின்றது. ஜாக் இல்லை. ஸ்பெயார் சில்லில் காற்று இல்லை. கிளீனர் பொடியன் கல்லுகளைப் பொறுக்கிச் சில்லுக்கு அண்டை கொடுத்தான். விடியும்வரை இரண்டு பேரும் படங்கைப் போர்த்திக்கொண்டு இருந்தோம். காலையில் பார்த்தால் கிழிந்த மூட்டைகளில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. கடையொன்றுக்கு நடந்து போய்த் தொலைபேசியில் முதலாளிக்குச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மூட்டை கிழிஞ்சது?" அந்தக் காசை ஐந்து மாதம் என் சம்பளத்தில் வெட்டினார்கள். வெடித்த ரயர் வழுக்கையாக இருந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு மூத்த சாரதியோடு இரண்டாவது ஆளாக ஓடும் வாய்ப்புக் கிடைத்தது. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். புறப்படுமுன் ஒரு கட்டையோடு லொறியைச் சுற்றி வந்து ஒவ்வொரு ரயரிலும் தட்டுவார். பின்னால் இரட்டைச் சில்லில் உள்ளே இருக்கும் ரயர் காற்றுப் போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, வெளி ரயர் தாங்கிக்கொண்டு நிற்கும். தட்டினால் சத்தத்தில் தெரிந்துவிடும். ஏ9 பாதையோரம் இருக்கும் முறிகண்டியில் எல்லோரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு நிற்கும்போது அவர் ஒவ்வொரு சில்லின் நடுவிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, அல்லது பேரிங் போகப்போகிறது. ஏன் புறங்கை என்று கேட்டேன். "உள்ளங்கை சுட்டால் ஸ்டியரிங் எப்படிப் பிடிப்பாய்?" என்றார். அவரோடு இருந்த எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த காசு குறைவுதான். ஆனால் அதற்குப் பிறகு என் கையால் ஒரு விபத்தும் நடக்கவில்லை.

ஆகவே வேலைக்குப் போகுமுன் தம்பிமார் லொறியைப் பார்க்கக் கேளுங்கள். ரயர், ஸ்பெயார் சில்லு, ஜாக், பின் லைட்டுகள், இன்சூரன்ஸ், தகுதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பாருங்கள். காட்ட முகம் சுளிக்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். இதற்கு முன் அந்த லொறியை ஓட்டியவர் ஏன் விட்டுப்போனார் என்று விசாரியுங்கள். முதலாளியிடம் கேட்டால் ஒரு பதில் வரும், முறிகண்டித் தேநீர்க் கடையில் கேட்டால் சரியான பதில் வரும். சாமான் குறைந்தால் யார் கட்டுவது, பொலிஸ் தண்டம் எழுதினால் யார் கட்டுவது என்பதையும் முதலே பேசிக்கொள்ளுங்கள். வேகமாக ஓடியதற்கு நீங்கள் கட்டுவது நியாயம். முதலாளி ஏற்றச் சொன்ன கூடுதல் பாரத்துக்கு நீங்கள் ஏன் கட்டவேண்டும்?

மீன் ஏற்றும் கூலர் வாகனங்களுக்குப் புதியவர்கள் போகாமல் இருப்பது நல்லது. குறை சொல்லவில்லை, அது அனுபவசாலிகளின் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து விடியமுன் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் பேலியகொடை மீன் சந்தைக்குப் போய்ச் சேரவேண்டும், ஏறத்தாழ 400 கிலோமீற்றர், முழுக்க இரவு ஓட்டம். கிளிநொச்சி தாண்டினால் வீதி நேராகப் போய்க்கொண்டே இருக்கும், கண் தானாகச் செருகும். கட்டாக்காலி மாடுகள் சூட்டுக்காக வீதியில் படுத்திருக்கும். அந்த நேரத்தில் "எங்க நிக்கிறாய்?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் வந்தால் பழகாத பிள்ளை என்ன செய்யும்?

அடுத்தது சேமலாப நிதி. இதில்தான் நான் அதிகம் இழந்தேன். சட்டப்படி முதலாளி சம்பளத்தில் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டவேண்டும். அதற்கு மேல் முதலாளி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். 60,000 ரூபாய் சம்பளம் என்றால் முதலாளி பக்கத்திலிருந்து மட்டும் மாதம் 9,000 ரூபாய் உங்கள் பெயரில் சேரும். "நீ நடைக்கு ஓடுகிறாய், உனக்கு அது இல்லை" என்று சொல்வார்கள். நம்பவேண்டாம். ஒரே ஒரு ஆளை வைத்து வேலை வாங்கினாலும், மாதச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு ஏற்பக் காசு கொடுத்தாலும், அந்தச் சட்டம் பொருந்தும். நான் 55 வயது முடிந்து பணத்தை எடுக்கப் போனபோது, 2002 முதல் 2006இல் பாதை மூடும்வரை நான் ஓடிய நாலு வருடத்துக்கு ஒரு சதமும் இல்லை. அந்த வருடங்களில் நான் வேலை செய்ததற்கான கடதாசித் துண்டுகூட என்னிடம் இல்லை. அந்த வயதில் இதைக் கேட்க எனக்குத் தெரியவும் இல்லை, சொல்லித் தர ஆளும் இல்லை.

மருமகன் கடைசியில் வட்டம் போட்ட மூன்றையும் விட்டுவிட்டான். குடாநாட்டுக்குள் கடைகளுக்குச் சாமான் போடும் கொம்பனி ஒன்றில், ஒரு மூத்த சாரதியின் கீழ் சேர்ந்திருக்கிறான். சம்பளம் குறைவு. ஆனால் நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், அதில் சேமலாப நிதி இலக்கமும் இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது கடை, இருபது ஒழுங்கை. இரண்டு பக்கமும் மதில் இருக்கிற ஒழுங்கையில் ரிவேர்ஸ் எடுத்துப் பழகுகிறான். அந்த மூத்த சாரதிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதால் அதையும் கேட்டுப் பழகுகிறானாம். சிங்களம் பேசும் தம்புள்ளைச் சந்தைக்கு ஒரு நாள் போகத்தானே வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாரதி தேவை என்று விளம்பரம் கொண்டு வருகிறவர்களிடம், மாதச் சம்பளமா நடைக்காசா, சேமலாப நிதி உண்டா, புதியவருக்கு மூத்த சாரதியோடு பயிற்சி உண்டா என்ற மூன்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். ஒரு விளம்பரத்துக்கு இரண்டு வரிதான் கூடும். அந்த இரண்டு வரிக்கான காசைத் தள்ளுபடி செய்ய முடியுமானால் அதையும் யோசித்துப் பாருங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லொறிச் சாரதி ஒருவர்,
கொடிகாமம்.