‘ப்ளீஸ்’ போட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கிலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இலக்கணம், உச்சரிப்பு எல்லாம் பேசியிருந்தார்கள். யாரிடம் எப்படிப் பேசுவது என்பது மட்டும் விடுபட்டுவிட்டது. 28 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்திய எனக்கே அது உறைக்க வெகுநாள் ஆனது.

சென்ற ஆண்டு பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். கோவையில் ஒரு கம்பெனியில் வேலை. லண்டனில் இருக்கும் மேலாளருக்கு ‘ப்ளீஸ் சென்ட் மீ த ஃபைல் டுடே’ என்று எழுதியிருக்கிறாள். உத்தரவு போடுவதுபோல் எழுதாதே என்று பதில் வந்ததாம். “ப்ளீஸ் போட்டேனே மிஸ், அப்புறம் என்ன தப்பு?” என்றாள், அழாத குறையாக. வாக்கியத்தில் பிழையே இல்லை. பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

தமிழில் அவளுக்கு இது தெரியாததா? தம்பியிடம் ‘குடுடா’, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ‘கொஞ்சம் குடுங்களேன்’. மரியாதையை நாம் வினைச்சொல்லின் வாலிலேயே வைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. ‘குட் யூ’ (could you), ‘வுட் யூ மைண்ட்’ என்று கேள்வியாக்கிக் கேட்பதுதான் அங்கே பணிவு. போனை எடுத்ததும் நாம் அன்பாகச் சொல்லும் ‘சொல்லுங்க’, ‘டெல் மீ’ ஆனதும் வெடுக்கென்று விழுவதும் இதனால்தான்.

இலக்கணம் தப்பினால் மொழி தெரியாதவர் என்று விட்டுவிடுவார்கள். இந்தப் பணிவு தப்பினால் ஆளையே தப்பாக நினைப்பார்கள். ஜென்னி தாமஸ் என்ற மொழியியலாளர் 1983-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். பணிவுப் பேச்சை ஆராய்ந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட பிரவுன், லெவின்சன் இருவரும் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ், அதுவும் கோவை மாவட்டத்துக் கிராமத் தமிழ். நம் ஊர்ப் பேச்சிலிருந்து உலகம் கற்றது நம் வகுப்பறைக்கு வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஓய்வுபெறும் முன் கடைசி இரண்டு வருடம் ஒன்று செய்து பார்த்தேன். ஒரே உதவியைத் தோழியிடம், தலைமையாசிரியரிடம், வங்கி அதிகாரியிடம் கேட்கச் சொல்வேன். முதலில் தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில். பத்து நிமிடம்தான். கேட்பதைவிட மறுப்பதில்தான் பிள்ளைகள் திணறினார்கள். முடியாது என்பதை நாம் ‘பார்க்கலாம்’ என்போம். அதையே ‘ஐ வில் ட்ரை’ என்றால், செய்துவிடுவார் என்றே வெளிநாட்டுக்காரர் காத்திருப்பார். இதை ஒரு மாணவனே கண்டுபிடித்துச் சொன்னான்.

வெள்ளைக்காரர்போல் பேசச் சொல்லவில்லை. நமக்குள் ‘சார்’, ‘மேடம்’ சரிதான். எங்கே எது பொருந்தும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்ற விடுப்புக் கடிதத்தை மனப்பாடம் செய்யவைக்கும் நேரத்தில் பாதி போதும். பொதுத்தேர்வு வினாத்தாளில் ‘இதை உன் தோழிக்கு எழுது, இதையே மேலதிகாரிக்கு எழுது’ என்று ஒரே ஒரு கேள்வியைக் கல்வித்துறை சேர்க்கட்டும். கேள்வி வந்தால் வகுப்பில் பாடம் தானாக வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.