அனலிஸ்ட்னா ஒசத்தி, அட்மின்னா எடுபிடியா?

ஆசிரியருக்கு வணக்கம். உங்க வேலைவாய்ப்பு பக்கத்த வாராவாரம் பாக்குறவ நான், அதான் உங்களுக்கே எழுதுறேன். ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனில அட்மின்ல இருக்கேன். எங்க ஆபீஸ்ல டேட்டாவ அலசி ரிப்போர்ட் குடுக்குற அனலிஸ்ட்னு ஐடி கார்டு மாட்டுனவங்களுக்கு மரியாதையே தனி. ஆனா அவங்க மீட்டிங்ல காட்டுற அட்டெண்டன்ஸ் டேஷ்போர்டுக்கு (கணக்க படமா காட்டுற ஸ்கிரீன்) அடியில இருக்கற எக்செல் ஷீட் யாரு போட்டது? பஞ்ச் மிஸ் ஆனது, ஷிப்ட் மாத்துனது, ஒரே ஆளுக்கு ரெண்டு எம்ப்ளாயி ஐடி இருக்கறது, இதெல்லாம் எக்செல்ல தேடி ஒப்பிட்டுப் பாக்குற வி-லுக்அப் ஃபார்முலா போட்டு ஒண்ணொண்ணா சரி பண்ணி நாங்க அனுப்புனா, அவங்க பிவட் டேபிள்ல தொகுத்து கலர் அடிச்சு 'இன்சைட்'னு சொல்லிட்டு கைதட்டு வாங்கிட்டு போயிருவாங்க.

அனலிஸ்ட் வேலை சும்மான்னு சொல்லல, டேட்டாவ எடுத்து அலசுற எஸ்கியூஎல், பவர் பிஐன்னு கத்துக்கிட்டு நெஜமாவே மூளைய கசக்குறவங்க இருக்காங்க. ஆனா பிபிஓல நைட் ஷிப்ட்ல இன்வாய்ஸ் டைப் பண்றவங்களுக்கும் 'ப்ராசஸ் அனலிஸ்ட்'னுதான் ஆஃபர் லெட்டர் வருது, பேரு மட்டும்தான் பெருசு. எங்க கதை வேற. மாசாமாசம் 15ஆம் தேதிக்குள்ள பிஎஃப், இஎஸ்ஐ கட்டலைன்னா வட்டி, அபராதம்னு கம்பெனி மாட்டும், ஒழுங்கா கட்டிட்டா யாருக்கும் கண்ணுக்கே தெரியாது, அப்ரைசல்ல 'சப்போர்ட் ஸ்டாஃப்'னு ஒரே வரில முடிச்சுருவாங்க. வரன் பாக்க வர்றவங்க கூட அட்மின்னா டீ காபி ஏற்பாடு பண்றதாம்மான்னு கேக்குறாங்க (அதுவும் பண்றோம், மறைக்கல).

விளம்பரம் குடுக்குற கம்பெனிங்க கிட்ட, பதவி பேரோட தெனமும் என்ன வேலை, சம்பளம் எவ்ளோன்னும் சேத்து போடச் சொல்லுங்க சார்.

– ஒரு வாசகி, சோழிங்கநல்லூர்