எல்.சி. காகிதக் கட்டுக்குள் ஒரு தொழில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பல் சரக்குத் துறையின் காகிதக் கட்டைப் பார்த்ததும், ஸ்டார்ட்அப் தொடங்குவோருக்கு எல்லோரையும் இணைக்கும் பெரிய தளம் கட்டத்தான் ஆசை வருகிறது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் 2018-ல் அப்படித் தொடங்கிய டிரேட்லென்ஸை மூடப்போவதாக 2022-லேயே அறிவித்துவிட்டார்கள். போட்டி நிறுவனங்களும் சேர்ந்தால்தான் பலன் என்றால், முதல் வாடிக்கையாளர் எதற்காக வாங்குவார்?

ஒரே ஓர் ஏற்றுமதியாளர் வாங்கினாலும் அன்றே பலன் தரும் வேலை ஒன்று உண்டு. எல்.சி. எனப்படும் வங்கிக் கடனுறுதிக் கடிதத்துக்கான ஆவணங்களை, வங்கிக்குப் போகும் முன் சரிபார்ப்பது. கேட்ட ஆவணங்கள் பிழையின்றி வந்தால் ஏற்றுமதியாளருக்குப் பணம் தருவதாக, வாங்குபவரின் வங்கி தரும் உறுதிதான் எல்.சி. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), காப்பீட்டுச் சான்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக் கண்ணால் ஒப்பிடும் அலுவலகங்கள் இன்னும் ஏராளம். எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யுசிபி 600-ன்படி, சரக்கு ஏற்றிய 21 நாளுக்குள் ஆவணங்கள் வங்கிக்கு வர வேண்டும். பரிசீலிக்க வங்கிக்கு 5 வேலை நாள் வரை அவகாசம். கடைசி நேரத்தில் கொடுத்த ஆவணங்களில் பிழை தெரிந்தால், திருத்த நாள் இருக்காது.

எல்.சி. பெரும்பாலும், வங்கிகளுக்கிடையேயான ஸ்விஃப்ட் வலையமைப்பில் எம்டி 700 என்ற மின்செய்தியாக, எண்ணிட்ட கட்டங்களோடு வருகிறது. காலாவதி 31டி-யில், கடைசி ஏற்றுமதி நாள் 44சி-யில், கேட்கும் ஆவணங்கள் 46ஏ-யில். அதனால் இதைப் படிக்க ஸ்கேன் தேவையில்லை. மற்ற ஆவணங்களில்தான் சிக்கல்: எண்ணின் மேல் முத்திரை விழுந்தால் மென்பொருள் 8-ஐ 3 என்று படிக்கும். அந்த இடத்தை ஊகிக்காமல் மனிதரிடம் காட்ட வேண்டும்.

பில் ஆஃப் லேடிங்கை டிராஃப்ட் நிலையிலேயே பிடிப்பது முக்கியம். அப்போது திருத்தம் ஒரு மின்னஞ்சலோடு முடியும். அசல் வந்தபின் என்றால், வழக்கமான மூன்று அசல்களையும் திருப்பிக் கொடுத்து மாற்ற வேண்டும்.

பலர் சறுக்குவது வேறிடத்தில். இன்வாய்ஸில் சரக்கு விவரம் எல்.சி.யோடு பொருந்த வேண்டும். மற்றவற்றில் அதனோடு முரண்படாத பொதுப்பெயரே போதும். காப்பீட்டுக்கு வேறு கணக்கு: எல்.சி. தொகை சொல்லாவிட்டால் சிஐஎஃப் மதிப்பில் (சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி சேர்ந்தது) குறைந்தது 110 சதவீதம். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவி முப்பது சிவப்புக் குறி போடும். அலுவலர் மூன்றாம் நாளே அதை மூடிவைப்பார்.

மாதச் சந்தாவைவிட, ஓர் ஆவணக் கட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவதே நல்லது. முரண்பாடு கண்டால் வங்கிகள் தனிக் கட்டணம் பிடிப்பது வழக்கம். விலை அதற்குக் கீழே இருந்தால் பேரம் பேச வேண்டியிராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்