ஆகஸ்ட் 31க்குள் 1,74,500 ராண்ட் வேண்டும்: திடல் குழுவின் வேண்டுகோள்

முருகன் துணை

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா, ஆகஸ்ட் 12

அன்புடைய தாய்மார்களே, பெரியோர்களே, டர்பனை விட்டு ஜோகனஸ்பர்க்குக்கும் லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபோன நம் பிள்ளைகளே, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கால்பந்துத் திடலைச் சமப்படுத்தி, பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்றும் அறையும் கழிவறையும் கட்டி முடிக்க 4,86,000 ராண்ட் ஆகும். கையில் இருப்பது 3,11,500. குறைவது 1,74,500. ஒப்பந்தக்காரர் சொன்ன விலை ஆகஸ்ட் 31 வரைதான் செல்லும். முழுப் பணமும் வங்கியில் இருப்பதைக் காட்டினால்தான் இயந்திரத்தை இறக்குவேன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இதற்கு முன் நம்மைப் போன்ற குழுக்களிடம் பட்ட பாடு அவருக்குத் தெரியும்.

அதைவிடக் கண்டிப்பான கெடு வானத்தில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் மழை தொடங்கிவிட்டால் அந்தச் சேற்றில் எந்த வண்டியும் நிற்காது. 2022 ஏப்ரல் வெள்ளம் நம் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்தத் துக்கத்தின் முன்னால் ஒரு திடல் பெரிதல்ல என்று நாமும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். ஆனால் அன்று கீழ்க்கரை அரித்துக்கொண்டு போனதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் இன்னும் கொஞ்சம் மண் போகிறது. இன்னொரு கோடை மழை வந்தால் கீழ்ப்பக்கத்துக் கோல் கம்பம் வாய்க்காலில்தான் நிற்கும்.

பலரும் கேட்கும் கேள்வி: இந்த அவசரமெல்லாம் யாருக்காக? பதிலை ஒரு பெண்ணின் கதையாகச் சொல்கிறோம். பெயரை எழுதக்கூடாது என்று அவளே கேட்டுக்கொண்டாள். சாட்ஸ்வொர்த்தில் யாருக்கும் பெயர் தேவையில்லை.

எட்டு வயதில் அண்ணன்மார் பின்னால் திடலுக்கு வந்தவள். ஆள் குறைந்த நாளில் கோல் காக்க நிறுத்தினார்கள். பதினொன்றாம் வயதில் பையன்களின் அணியில் நடுக்களத்தில் ஆடினாள். நம் திடல் வாய்க்கால் பக்கம் ஒரு மீட்டர் சரிந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும். சும்மா தட்டிவிட்ட பந்தும் சரிவில் உருண்டு போய்விடும். அதனால் இடது காலால் மேட்டுப்பக்கம் பந்தை ஏற்றி அனுப்ப அவள் தானாகவே கற்றுக்கொண்டாள். இன்றும் அவளுடைய பெரிய பலம் அந்த இடது கால்தான். (அப்படியானால் சரிவை அப்படியே விட்டுவிடலாமே, பணம் மிச்சம் என்றார் எங்கள் பொருளாளர். கூட்டக் குறிப்பில் அதைப் பதிவு செய்யவில்லை.)

பதினான்கு வயதில் மாகாணத் தேர்வுக்குப் போக மினிபஸ் டாக்சிக்குக் காசு இல்லை. அவள் அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டு வீடு வீடாக விற்றார். வாங்கிய நம்மில் சிலர், "பெண்பிள்ளைக்குப் பந்து எதற்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் ஜாடியை வாங்கினோம். பதினேழில் விளையாட்டு உதவித்தொகை கிடைத்து வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். பத்தொன்பதில் விடுமுறைக்கு வந்தவள், இதே திடலில், வாய்க்கால் ஓரத்துக் குழியில் பூட்ஸ் மாட்டி முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தாள். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கே கூடுதலாக வருகிறது என்பதை மருத்துவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். அறுவை, பத்து மாத ஓய்வு, பிறகு முதலிலிருந்து ஓட்டம். இந்த ஜனவரியில், இருபத்தொரு வயதில், முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். பெண்கள் தேசிய லீக் இங்கே 2019இல்தான் தொடங்கியது. அதில் ஆடும் பலர் இன்னும் பகலில் வேறு வேலை பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட சம்பளத்திலிருந்து அவள் நமக்கு அனுப்பியது 15,000 ராண்ட். ரசீது எண் 1. அந்தக் குழியைத் தோண்டியவர் யாருமில்லை. ஆனால் மூடாமல் விட்டவர்கள் நாம்.

இந்த ஆகஸ்ட் 9, பெண்கள் தின விடுமுறையன்று வீட்டுக்கு வந்திருந்தாள். காலை எட்டரைக்கு 34 சிறுமிகள் வந்து நின்றார்கள். உடை மாற்ற இடமில்லை. நான்கு தாய்மார்கள் இரண்டு சேலைகளை முனை பிடித்து மறைப்பாக நிறுத்த, உள்ளே மூன்று மூன்று பேராகப் போய் மாற்றிக்கொண்டார்கள். கடற்காற்று சேலையைத் தூக்கியபோதெல்லாம் ஒரே கூச்சல். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பெரியவளானதும் ஒன்பது பெண்கள் இரண்டு ஆண்டுகளில் ஆட்டத்தை விட்டு நின்றுவிட்டார்கள் என்பது எங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கழிவறைக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய இடத்துக்கு எந்தப் பெண் வருவாள்?

அன்று அவள் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்று. பந்து வாங்கப் போகும் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒருவர் விரல்களைக் காட்டுவார். பந்து காலுக்கு வந்து சேர்வதற்குள் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று அந்தப் பிள்ளை கத்த வேண்டும். விரல் காட்டியவர் எங்கள் பொருளாளர், 71 வயது. நடுக்களத்தில் நிற்பவளுக்கு நாலு பக்கமும் ஆள். பந்து வந்த பிறகு பார்ப்பவள் தோற்றாள், வருமுன் பார்த்தவள் திரும்பிவிடுவாள் என்று விளக்கினாள். ஒன்பது வயதுக் குட்டி ஒருத்தி, "தாத்தா இரண்டு விரலை மடித்து மடித்து ஏமாற்றுகிறார்" என்று புகார் செய்தாள்.

பயிற்சி முடிந்து பிள்ளைகளை உட்காரவைத்து அவள் சொன்னது லிண்டா மொட்லாலோவின் கதை. நம் பெண்கள் தேசிய அணியான பன்யானா பன்யானாவின் நடுக்கள ஆட்டக்காரர். ராண்ட்ஃபொன்டைன் பக்கத்தில் 1998இல் பிறந்தவர். 2018 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நைஜீரியாவுக்கு எதிராகப் பெனால்டி வரை போய்த் தோற்றபோது, தவறிய உதைகளில் ஒன்று அவருடையது. நான்கு ஆண்டு கழித்து, 2022 அரையிறுதி, சாம்பியாவுக்கு எதிராக, கோல் இல்லாமல் ஆட்டம் முடியப்போகிற கடைசி நிமிடங்களில் மறுபடியும் பெனால்டி. யார் உதைக்கப் போகிறார்? அதே மொட்லாலோ வந்து நின்றார். உள்ளே போனது. அடுத்த ஆட்டத்தில் மொரோக்கோவை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்று நம் பெண்கள் முதல்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையைத் தூக்கினார்கள். ஹூஸ்டன், பெய்ஜிங், ஸ்வீடன், கிளாஸ்கோ, லூயிவில் என்று ஆடியவர் அவர். 2023 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 2-2 என்று நம் அணி முதல் புள்ளியைப் பெற்றதே, அதில் முதல் கோல் அவருடையது. அதற்கடுத்த ஆட்டத்தில் இத்தாலியை 3-2 என்று வீழ்த்திய கடைசி நேரக் கோல் தெம்பி கட்லானாவுடையது. ஓராண்டுக்கு முன் குதிகால் நாண் அறுந்து படுத்தவர் அவர். அதைச் சொன்னபோது நம் பெண் தன் முழங்காலைத் தடவிக்கொண்டதை நாங்கள் பார்த்தோம்.

அந்த உலகக் கோப்பைக்குப் புறப்படுமுன் நடந்ததையும் மறக்க வேண்டாம். போட்ஸ்வானாவுடன் வழியனுப்பு ஆட்டத்தை ட்சகானேயில் வைத்தார்கள். தரை சரியில்லை, காயம் படும், ஊதியப் பேச்சும் முடியவில்லை என்று மூத்த ஆட்டக்காரர்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். அவசரமாகத் திரட்டிய அணி 5-0 என்று தோற்றது. ஆப்பிரிக்காவின் சாம்பியன்களே நல்ல தரை வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்குக் கேட்கவும் வாயில்லை. அவர்களுக்காகக் கேட்பது நாங்கள்.

இனி பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் 342 பேரை இந்தக் கரையில் இறக்கியது. 1911 வரை வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கரும்புத் தோட்டத்து லயங்களில் கூலி வாங்கிய கையோடு அவர்கள் முதலில் எழுப்பியது கோயில், அடுத்தது பள்ளிக்கூடம். நம் பள்ளிகள் பலவற்றுக்கு அரசாங்கம் ஒரு பவுண்டு தந்தால் நாம் ஒரு பவுண்டு போட வேண்டும் என்ற ஏற்பாடு. அந்தப் பவுண்டு ஒவ்வொன்றும் காய்கறிக் கூடை சுமந்த தலையிலிருந்து வந்தது. 1903லேயே இந்த நாட்டின் இந்தியர்கள் தங்களுக்கென்று ஒரு கால்பந்துச் சங்கம் கண்டவர்கள். டர்பனின் கரிஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நின்ற கூட்டத்தை நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறகு இனவாரி வாழிடச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம்மை வாரி எடுத்து, 1960களில் இந்த மேடுகளில் கொண்டுவந்து கொட்டியது. வீடு என்று கொடுத்தார்கள். திடல் என்று எதுவும் கொடுக்கவில்லை. இந்தத் திடலை மண்வெட்டியால் வெட்டி எடுத்தவர்கள் அந்தத் தலைமுறை. அவர்களில் உயிரோடிருப்பவர் இப்போது மூவர். ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும், "வேலை எப்போது தொடங்கும்?" என்று அதே கேள்வியைக் கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை.

பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையில் ஓடுவது கோயிலுக்கு அடுத்த இடத்தில் தகுமா என்று எழுதிய பெரியவருக்கும் இங்கேயே பதில் சொல்கிறோம். காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை ஜோகனஸ்பர்க்கில் பிறந்தவள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் உயிர்விட்டபோது அவளுக்கு 16 வயது. நாம் படம் மாட்டிக் கும்பிடுகிறோம். அவள் நம் ஆண்களிடம் அனுமதி கேட்டா டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தாள்?

செலவு விவரம்: சமப்படுத்தலும் மழைநீர் வாய்க்காலும் 1,48,000. கிக்குயு புல்லும் தண்ணீர்க் குழாயும் 62,000. உடை மாற்றும் இரண்டு அறைகள், கழிவறை, குளிக்கும் இடம் 1,97,000. வேலியும் கதவும் 54,000. கோல் கம்பம், வலை 25,000. விளக்குக் கம்பம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, திறப்புவிழா மேடை இல்லை. மேடை வேண்டும் என்று சொன்னவர்கள் தனியாகப் பணம் தரட்டும்.

கொடுத்தவர்களை எப்படி நன்றி சொல்லி முடிப்பது! நாற்பது ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியை ஒருவர் தம் ஓய்வூதியத்திலிருந்து 75,000 ராண்ட் கொண்டுவந்து கொடுத்தார். காசோலையை மேசையில் வைத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பெயர் வேண்டாம் என்ற வணிகர் ஒருவர் 1,00,000. காவடி உண்டியலிலிருந்து கோயில் நிர்வாகம் 50,000. இரண்டு சனிக்கிழமைகளில் 480 பிரியாணிப் பொட்டலங்கள், ஒன்று 90 ராண்ட் வீதம் விற்று, சாமான் செலவு போக நின்றது 25,400. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வெங்காயம் உரித்த அக்காமார் பதினோரு பேருக்கும், அடுப்படியில் புகை குடித்த அண்ணன்மாருக்கும் முருகன் நல்ல கண்பார்வை தரட்டும். நம் பெண்ணின் 15,000 உட்படக் குடும்பங்கள் தந்தது 61,100. அதில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்த உண்டியலில் 312 ராண்டும் ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன. பொத்தானையும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இனிச் சொல்வது கசக்கும். பொங்கல் விருந்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து 23 பேர் வாக்களித்த 84,000 ராண்ட் இன்னும் வரவில்லை. கைதட்டல் அன்றே கொடுத்துவிட்டோம். வேலை போனவர்கள், வீட்டில் நோய் கண்டவர்கள் இருக்கலாம். அவர்கள் ஒரு சொல் சொன்னால் போதும், பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம், வேறு யாருக்கும் தெரியாது. மற்றவர்களுக்குத் தங்கள் மனமே கணக்கப்பிள்ளை. சென்ற மாதம் ஒரு திருமணத்தில் மேடைப் பூவுக்கு மட்டும் 40,000 என்று பெருமையாகப் பேசிக்கொண்டதை நாங்களும் அதே பந்தியில் உட்கார்ந்துதான் கேட்டோம்.

அந்த 84,000 வந்துவிட்டால் மீதி 90,500. நம் பதிவேட்டில் 362 குடும்பங்கள். குடும்பத்துக்கு 250 ராண்ட். இதைவிட எளிதாகக் கணக்குச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. 250 முடியாதவர் 50 கொடுங்கள், 1,000 முடிந்தவர் 250 கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

வரிச்சலுகைச் சான்று தரும் பதிவு எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை, அதனால் அதைக் கேட்காதீர்கள். ரசீது கட்டாயம் உண்டு. கோயில் அலுவலகம் தினமும் மாலை ஐந்து முதல் ஏழு வரை, வெள்ளிக்கிழமை பூசை முடியும் வரை திறந்திருக்கும். வெளிநாட்டிலிருப்பவர்கள் இங்குள்ள சொந்தக்காரர் மூலம் கட்டலாம். கணக்குப் புத்தகம் மேசைமேல்தான் இருக்கிறது, யாரும் புரட்டிப் பார்க்கலாம். ஆகஸ்ட் 31க்குள் தொகை சேராவிட்டால், கேட்பவருக்கு அவரவர் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். ரசீது எண் 1க்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க எங்களில் யாரும் முன்வரவில்லை.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைந்துவிட்டார்கள். இதை வீட்டில் இளையவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், முக்கியமாகச் சம்பாதிக்கிறவர்களுக்கு.

மூன்றாம் பிரியாணி விற்பனை வருகிற 24ஆம் தேதி. அதில் வருவது மேற்படிக் கணக்கில் சேராது, பிள்ளைகளின் பூட்ஸுக்கும் கையுறைக்கும் போகும். சென்ற முறை கோயில் அண்டாக்களில் இரண்டை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறீர்கள். 22க்குள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், யாரென்று கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
திடல் குழுவினர்