கணக்கையும் கூரையையும் நீங்கள் பாருங்கள், முடிவை எங்களிடம் விடுங்கள்

பிரிட்டன் குவேக்கர் ஆண்டுக் கூட்டத்தின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து மௌனமாக வழிபடும் ஒரு சின்னக் குவேக்கர் கூட்டத்திலிருந்து, அதாவது ஓர் ஊர்ச் சபையிலிருந்து, எழுதுகிறேன். கிறித்தவத்திலிருந்து வந்த மரபுதான் என்றாலும் நமக்குப் பாதிரியார் கிடையாது. கூட்டச் செயலர், மூப்பர், பொருளாளர், முடியாதவர்களைப் போய்ப் பார்ப்பவர் என்று எல்லாப் பொறுப்பையும் நமக்குள்ளேயே பிரித்துக்கொள்கிறோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுவது வழக்கம். மாற ஆள் இருந்தால்தானே! பெயர் பரிந்துரைக்கும் குழுவிலிருந்து அழைப்பு வந்தால் போனை எடுக்கவே தயங்குகிறார்கள்.

முடியாதவர்களைப் போய்ப் பார்க்க இன்னும் ஆள் கிடைக்கிறது. ஒழுகும் கூரை, தீப் பாதுகாப்புச் சோதனை, ஆண்டுக் கணக்கு, குழந்தைகள் பாதுகாப்புப் படிவம் என்றால்தான் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். கடைசியில் அதெல்லாம் செயலர் தலையில் விழுகிறது.

அவருடைய உண்மையான வேலை என்ன? நம் அலுவல் கூட்டமும் வழிபாடுதான். வாக்கெடுப்பு இல்லை. ஒருவர் பேசியதும் கொஞ்சம் மௌனம், பிறகு அடுத்தவர். கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று செயலர் உணர்ந்து, அங்கேயே, எல்லார் முன்னிலையிலும் குறிப்பை எழுதி வாசிக்கிறார். 'அந்த வரி அப்படி வேண்டாமே' என்று யாராவது சொன்னால் திருத்தி மறுபடி வாசிக்கிறார். எல்லாரும் ஏற்ற பிறகே அடுத்த விஷயம். வீட்டில் போய் எழுதிக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது. கொதிகலன் பழுதை நினைத்துக்கொண்டே வந்தவரால் இதைச் செய்ய முடியுமா?

முறையே மெதுவானது, அதைச் சுருக்குங்கள் என்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அடிமைமுறைக்கு எதிராக அமெரிக்காவில் ஜெர்மன்டவுன் ஊர்க் குவேக்கர்கள் 1688-இல் எழுதிய மனுவை, இது பெரிய விஷயம் என்று ஒவ்வொரு கூட்டமும் மேலே தள்ளிவிட்டது. பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமை வைத்திருப்பதையே தடைசெய்ய 1776 ஆயிற்று. வெட்கப்பட வேண்டிய தாமதம்தான். ஆனால் அங்கே குறை முறையில் மட்டும் இல்லை. அடிமை வைத்திருந்தவர்களும் அந்த வட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். அக்கம்பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரக் கூட்டங்கள் இரண்டு மூன்றுக்குச் சேர்த்துச் சம்பள ஊழியர் ஒருவரைப் போடுங்கள். கணக்கு, கட்டடம், சட்டப் படிவங்கள் அவர் பொறுப்பு. சில வட்டாரங்கள் ஏற்கெனவே ஊழியர் வைத்திருக்கின்றன. வசதியில்லாத வட்டாரங்களுக்குப் பொது நிதியிலிருந்து கொடுங்கள். இது புதுப் பழக்கமும் இல்லை. 1654-இல், குவேக்கர் இயக்கத்தின் தொடக்க காலத்தில், அதன் முன்னோடிகளில் ஒருவரான மார்கரெட் ஃபெல் இங்கிலாந்தில் தொடங்கிய கெண்டல் நிதி, ஊர் ஊராகப் போன பிரசங்கிகளுக்கும் சிறையில் இருந்தவர்களுக்கும் எல்லாருமாகப் போட்ட பணம்.

இன்னொரு பயிலரங்கும் இன்னொரு வழிகாட்டிக் கையேடும் மட்டும் வேண்டாம். அதைப் படிக்கவும் ஒரு ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

நட்புடன்,
மாற்று ஆள் கிடைக்காத ஒரு பொருளாளர்